ஹைலக்ஸா, எல்200ஆ, பொலேரோவா? மல்லாவி மச்சானுக்கு ஒரு பதில்

வன்னிப் பக்கம் மல்லாவியில் இருக்கிற என் தங்கையின் கணவருக்கு வாகனக் காய்ச்சல் பிடித்து மூன்று மாதமாகிறது. இரவு எட்டு மணியானால் போன் வரும். "மச்சான், வவுனியாவில ஒரு ஹைலக்ஸ் நிக்குதாம், போய்ப் பாப்பமே?" இப்படிப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் மூன்று பிக்கப் வாகனங்கள் தேறியிருக்கின்றன. ஒன்று 2011 டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, 3.0 இன்ஜின், போர்வீல் (நாலு சில்லும் இழுக்கிறது), சொல்கிற விலை 135 இலட்சம். இரண்டாவது 2009 மிற்சுபிசி எல்200, எல்லோரும் ஸ்போட்டெரோ என்று சொல்கிற அந்த வளைந்த உடம்புக்காரன், 84 இலட்சம். மூன்றாவது 2017 மகேந்திரா பொலேரோ சிங்கிள் கப் (முன்சீட் மட்டும் உள்ளது), 46 இலட்சம். மச்சானின் கையில் காணி விற்ற காசும் சீட்டுக் காசுமாக 95 இலட்சம் இருக்கிறது. அவர் பள்ளிக்கூட வாத்தியார், அஞ்சு ஏக்கர் வயல், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வருத்தம் உள்ள அம்மா. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருந்தால் என் முடிவும் வேறாகத்தான் இருக்கும்.

நான் விசுவமடுவில் ஏழு ஏக்கர் வயலும் ஒரு சின்ன உரக்கடையும் வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக எல்200 ஓடுகிறேன், அதற்கு முன் ஐந்து வருடம் 5எல் இன்ஜின் போட்ட பழைய ஹைலக்ஸ். முள்ளியவளைச் சித்தப்பாவிடம் விகோ இருக்கிறது. புதுக்குடியிருப்பில் என் கூட்டாளி பொலேரோவை வைத்து ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடித்தான் குடும்பம் நடத்துகிறான். ஆகவே மூன்றிலும் நான் மாறி மாறி ஓடியிருக்கிறேன், மூன்றுக்குக் கீழும் படுத்தும் இருக்கிறேன்.

முதலில் ஒரு கதையைச் சொல்லிவிட வேண்டும். டபுள் கப், அதாவது பின்சீட்டும் உள்ள பிக்கப், வாங்குகிற எவரைக் கேட்டாலும் "வயலுக்குத்தான்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். டீசல் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு இருக்கிறது, போன வருடக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். நெல் ஏற்றினது வருடம் முழுக்க நான்கே தடவை! அரிவு வெட்டு மெசின் வயலில் இறங்கினால் கூடவே றக்டர் பெட்டியும் வந்துவிடுகிறது, நெல் அதில்தான் போகிறது. உரம் கடைக்கு லொறியில் வருகிறது, நான் வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவது மாதத்துக்கு ஐந்தாறு தடவை. மிச்சம் எல்லாமே ஆட்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரி, செத்த வீடு, பிள்ளைகளின் டியூசன், பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயில், யாரோ வெளிநாட்டிலிருந்து வந்தால் கட்டுநாயக்கா. சரி, கட்டுநாயக்காவுக்குப் போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைக்கிறதையும் ஒரு வேலையாகக் கணக்கில் எடுத்தால்தான் உண்டு.

அதனால் பின்பெட்டியை விடப் பின்சீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த இடத்திலேயே பொலேரோ சிங்கிள் கப் பாதி தோற்றுப் போகிறது. முன்னால் சாரதியோடு இரண்டு பேர் இருக்கலாம், மிஞ்சினவர்கள் பெட்டியில் ஏறினால் பொலிஸ் மறிக்கும், மறிக்காவிட்டாலும் ஏ9 பெருந்தெருவில் இரவில் மாடு படுத்திருக்கிற நேரம் பிள்ளைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓட எனக்கு மனம் வராது. இரவில் ரோட்டிலேயே படுத்து அசை போடும் மாடுகளைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஹைலக்ஸ் விகோவின் பின்சீட் நேராக நிமிர்ந்த சீட். வவுனியா வரைக்கும் பரவாயில்லை, கொழும்பு மட்டும் 330 கிலோமீற்றர் போனால் பின்னால் இருக்கிறவர்கள் தம்புள்ளையிலேயே இறங்கி நிற்பார்கள். எல்200இல் கபினுக்குப் பின்பக்கம் வளைத்திருப்பது அழகுக்காக என்றுதான் நானும் நினைத்தேன். அந்த வளைவால்தான் பின்சீட்டின் முதுகைக் கொஞ்சம் சாய்க்க முடிந்திருக்கிறது, அம்மாவை வைத்துக்கொண்டு தூரம் போகிறவர்களுக்கு அது பெரிய காரியம். வட்டம் அடிக்கிறதும் எல்200தான் சுகம். ஒடுங்கின ஒழுங்கைக்குள் ஒரே மூச்சில் திரும்புகிற இடத்தில் விகோவை முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு தரம் எடுக்க வேண்டும்.

ஆனால் அந்த வளைவுக்கு ஒரு விலை இருக்கிறது, எல்200 வாங்குகிற யாரும் இதை முதலில் யோசிப்பதில்லை. 2009 மொடல் எல்200இன் பெட்டி குட்டை, அந்தக் குட்டைப் பெட்டியிலும் பெரும்பகுதி பின் அச்சுக்கு அங்காலே நீட்டி நிற்கிறது. 50 கிலோ உரப்பையை இருபது அடுக்கினால் ஒரு தொன். அதைக் கதவோரமாக அடுக்கினீர்கள் என்றால் முன்பக்கம் எழும்பிவிடும், ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிடும், எதிரில் வருகிறவனுக்கு உங்கள் லைட் கண்ணுக்குள் அடிக்கும். நான் முதல் வருடம் அப்படித்தான் தருமபுரம் வளைவில் ஒரு தரம் பயந்து போனேன். இப்போது பாரத்தைக் கபினோடு ஒட்டித்தான் அடுக்குவேன், பதினைந்து பைக்கு மேல் ஏற்ற மாட்டேன். விகோவின் பெட்டி கொஞ்சம் நீளம், பாரம் அச்சுக்கு மேலே சரியாக உட்காருகிறது, இலைவில்லும் சலிப்பில்லாமல் தாங்குகிறது. பாரம் என்று மட்டும் கேட்டால் இரண்டுமே பொலேரோவின் முன்னால் நிற்க முடியாது. எட்டடிக்குக் கிட்ட நீளமான பெட்டி, ஒரு தொன்னுக்கு மேல் ஏற்றலாம், பக்கக் கதவைத் திறந்து இறக்கலாம். கூட்டாளி ஒரு நாளில் சீமெந்து, கோழித்தீன், கலியாண வீட்டுக் கதிரை என்று மூன்று ஹயர் அடிப்பான். அவனுக்கு அது சாப்பாடு போடுகிற வாகனம்.

இனி இன்ஜின். இதில்தான் கனபேர் பழங்கதை பேசுவார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் பழைய ஆஸ்டின் கார்களும் ஓடின ஊர் இது. அதனால் என்ன எண்ணெயை ஊற்றினாலும் வாகனம் ஓடும் என்ற நினைப்பு எங்கள் பெரியவர்களுக்கு இன்னமும் போகவில்லை. என் பழைய 5எல் ஹைலக்ஸ் அந்த நினைப்புக்கு ஏற்ற வாகனம்தான். ரேர்போ இல்லை, கம்பியூட்டர் இல்லை, மெக்கானிக்கல் பம்ப், ஏற்றத்தில் மாடு மாதிரி ஊரும், ஆனால் எந்த மரத்தடிக் கராச்சிலும் திருத்தலாம். இப்போது கேட்கிற மூன்றும் அப்படியல்ல. மூன்றுமே கொமன் ரெயில். டீசலை ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தலைமயிர் அளவு துளை வழியாக அடிக்கிற இன்ஜெக்டர்கள். அந்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழவழப்புக் கொடுப்பதே டீசல்தான், மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழவழப்புக் குறைந்து உள்ளுக்குள் தேயத் தொடங்கிவிடும். தண்ணீர் போனால் இன்னும் மோசம்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தவன். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கிடைக்கிற நேரம் கானில் வாங்கி வீட்டில் சேர்த்து வைத்தேன். இரவுக் குளிரில் கானின் உட்பக்கம் வியர்த்து அடியில் தண்ணீர் சேரும் என்று தெரியாது, தெரிந்தாலும் அப்போது யார் பார்த்தது. ஒருநாள் அடிக்கானை அப்படியே கவிழ்த்து ஊற்றிவிட்டு முல்லைத்தீவுக்குப் போனேன். டாஷ்போட்டில் பில்டர் லைட் எரிந்தது, அதையும் கவனிக்காமல் ஓடினேன், பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பில்டருக்குக் கீழே ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதைத் திருகினால் தேங்கின தண்ணீர் வடியும், இரண்டு நிமிச வேலை. அந்த இரண்டு நிமிசத்தைச் செய்யாததற்கு நாலு இன்ஜெக்டரையும் கழற்றிச் சோதிக்க வேண்டி வந்தது. முழுப் பிழையும் என்னுடையது. எந்த வாகனம் வாங்கினாலும் மச்சானுக்கு முதல் பாடம் இந்தத் திருகுதான்.

எல்200இன் 2.5 இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற ரப்பர் ரைமிங் பெல்ட், கூடவே அதிர்வைக் குறைக்கிற பலன்ஸ் சாப்டுக்கு இன்னொரு சின்ன பெல்ட். சின்னது அறுந்தால் அது பெரியதில் சிக்கும், பெரியது அறுந்தால் வால்வு வளையும், ஹெட்டைத் திறக்க வேண்டும். எண்பதாயிரத்திலிருந்து ஒரு இலட்சம் கிலோமீற்றருக்குள் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் அடுத்த தடவை வரை அந்தக் கவலை இல்லை. நான் இரண்டு தரம் மாற்றியிருக்கிறேன். விகோவின் 3.0இலும் பெல்ட்தான், அதுவும் மாற்றக் கேட்டு மீற்றரில் ஒரு லைட் எரியும். கவனம், பெல்ட்டை மாற்றாமலே அந்த லைட்டை மட்டும் அணைக்கலாம்! வாங்கும்போது லைட் எரியவில்லை என்பதை நம்பாதீர்கள், மாற்றின பில்லைக் கேளுங்கள். விகோவில் இன்ஜெக்டர் அடியில் இருக்கிற செப்பு வாசரையும் கேட்டுப் பார்க்க வேண்டும், பழசாகிக் கசிந்தால் கரி ஒயிலுக்குள் இறங்கி ஒயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும், இது அந்த இன்ஜினுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த குணம். செயின் போட்ட இன்ஜின்தான் வேண்டும் என்றால் இசுசு டி-மேக்ஸ் நல்லது, ஆனால் மச்சானின் 95 இலட்சத்துக்கு நல்ல டி-மேக்ஸ் கிடைக்காது, கனவை விடுவோம். நிசான் நவாரா டி40யும் ஒருவர் காட்டினார். அதன் இன்ஜினில் செயின் இருந்தும் அது நீள்கிற குணம் பெயர் போனது, செசி என்கிற அடிச்சட்டம் துருப்பிடிப்பதும் அப்படியே, நான் வேண்டாம் என்றேன்.

டீசல் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. என் கொப்பிக் கணக்கில் எல்200 லீற்றருக்கு ஒன்பதரை கிலோமீற்றர், நெடுந்தூரம் போனால் பதினொன்று. சித்தப்பா விகோவுக்குப் பத்து என்கிறார், அவர் மெதுவாக ஓடுகிறவர். விட்டுவிடுவோம்.

போர்வீல் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஐம்பது பேர் போர்வீல் வாங்கினால் நாற்பது பேர் அந்தக் கம்பைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். போன காலபோகத்தில் நான் போர்வீல் போட்டது பதினொரு நாள், எல்லாமே கார்த்திகை மார்கழி மழைக்குள். இரணைமடுவின் கீழ்ப்பக்க வயல் களிமண், நனைந்தால் ரயரின் பூவெல்லாம் நிரம்பி ரயர் வழுக்கைத் தலை மாதிரி ஆகிவிடும், அதற்குப் பிறகு நாலு சில்லும் சுற்றினாலும் நின்ற இடத்தில்தான் சுற்றும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் போர்வீல் உண்மையாகவே உதவும், காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் இன்னும் நல்லது. விகோவில் இருக்கிற மாதிரியான போர்வீலைத் தார் ரோட்டில் போட்டுக்கொண்டு ஓடக்கூடாது, திரும்பும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக் கியர்பெட்டியை முறுக்கும். சூப்பர் செலக்ட் என்கிற போர்வீல் முறை உள்ள எல்200 என்றால் நடுவிலும் ஒரு டிப்ரன்சல் இருப்பதால் மழையில் தார் ரோட்டிலும் போட்டுக்கொண்டு போகலாம். மச்சான் பார்த்த வாகனத்தில் அது இருக்கிறதா என்று கியர்க் கம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ரூவீல் பொலேரோ வெறும் பெட்டியோடு ஈரப்புல்லில் நின்றாலே சறுக்கும், கூட்டாளி மாரிக்கு நாலு மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு மேலே போட்டு வைத்திருப்பான், அதுவே அவனுக்கு அரைப் போர்வீல். எது சிக்கினாலும் கடைசியில் வந்து இழுத்து எடுப்பது பக்கத்து வயல்காரனின் லாண்ட்மாஸ்டர் கை றக்டர்தான், அதற்கு எந்த விளம்பரமும் இல்லை.

2018 மார்கழியில் இரணைமடுவின் கதவுகள் திறந்து வெள்ளம் பாய்ந்த நேரம் சித்தப்பாவின் விகோ நல்ல வேலை செய்தது என்பதையும் மறைக்கக்கூடாது. உயரமான உடம்பு, ஊர்ச்சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினார். ஆனால் தண்ணீர் சில்லின் பாதிக்கு மேல் வந்தால் எந்த வாகனத்தையும் இறக்காதீர்கள். வெள்ளத்தில் ஓடின பிறகு அச்சு ஒயிலை வடித்துப் பாருங்கள், பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

திருத்துகிற விசயம். ஹைலக்ஸுக்குப் பெயர் இங்கேதான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அதற்குச் சாமான் அன்றைக்கே கிடைக்கும், கை வைக்கத் தெரியாத மெக்கானிக் இல்லை. எல்200க்குச் சாதாரணமாகத் தேய்கிற சாமான், பிரேக் பாட், பில்டர், புஷ் எல்லாம் கிளிநொச்சியில் எடுக்கலாம். பெரிசாக ஏதாவது என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் ஆள் வைத்து வாங்கி, இரவு பஸ்ஸில் பார்சல் போட்டால் விடிய வந்துவிடும். ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான், அந்த ஒரு நாளுக்காக ஐம்பது இலட்சம் கூடக் கொடுக்க வேண்டுமா? பொலேரோ சாமான் மூன்றிலும் மலிவு.

சித்தப்பா இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். "தம்பி, ஹைலக்ஸ் நகை மாதிரி. காலையில விக்கிறன் எண்டா பின்னேரம் காசு." அவர் சொல்வது உண்மைதான். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 மாசியில்தான் திறந்தார்கள், திறந்த பிறகும் வரி கழுத்தளவு. இந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனம் வைத்திருந்தவன் கையில் இருந்தது தங்கம்தான், அதிலும் ஹைலக்ஸ் முதல் இடம். ஆனால் விற்கிறதற்காக வாங்குகிறவருக்குத்தான் அந்தக் கணக்கு. மச்சான் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர். அதோடு எனக்கு வாகனத்தை நகை என்று நினைக்க முடியவில்லை, 2009இல் போரின் கடைசியில் அப்பாவின் வாகனத்தை மாத்தளனில் திறப்போடு விட்டுவிட்டு நடந்து வந்தவர்கள் நாங்கள்.

ஹைலக்ஸ் எடுப்பதென்றால் மச்சான் நாற்பது இலட்சம் லீசிங் போட வேண்டும். லீசிங் முடியும்வரை வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் கம்பனிதான், இவர் ஓடுகிறவர் மட்டும். வாத்தியார் சம்பளத்தில் தவணை கட்ட ஏலாது, வயல் ஒரு போகம் பிழைத்தால் வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். லீசிங் போட்டு வாங்குகிற வாகனம் தன் தவணையைத் தானே உழைக்க வேண்டும் என்பது கூட்டாளியின் சட்டம், நானும் ஒத்துக்கொள்கிறேன். டபுள் கப் உழைக்காது. ஊரே கேட்டு வாங்கும், ஆனால் டீசல் காசுகூடச் சில நேரம் தராது. இப்போது 1990 என்ற நம்பருக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது, முந்தி அந்த வேலையும் எங்களுடையதுதான். கலியாணப் பொம்பிளையை ஏற்ற, செத்த வீட்டுக்குப் பந்தல் தகரம் ஏற்ற, கோயிலுக்கு அரிசி ஏற்ற, எதற்கும் மறுக்க முடியாது. மறுத்தால் நாளைக்கு உங்கள் வீட்டுக்கு யார் வருவார்?

பொலேரோவை வாங்கி மச்சான் ஹயர் ஓடலாமே என்று தங்கை கேட்டாள். ஓடலாம், யார் ஓடுவது? கிழமை நாளில் பள்ளிக்கூடம், சனி ஞாயிறு வயல். சாரதி வைத்தால் வருகிற காசு சாரதிக்கும் டீசலுக்கும் சரி. மாமரத்துக்குக் கீழே நின்று கோழி முட்டையிடும் இடமாகப் போய்விடும். இதுவே முழுநேரமாக ஓடக்கூடிய தம்பி ஒருவன் வீட்டில் இருந்தால் நான் யோசிக்காமல் பொலேரோ என்றிருப்பேன், 46 இலட்சத்தைக் கொடுத்து மிச்சத்தை வங்கியில் போடு என்றும் சொல்லியிருப்பேன்.

ஆக எல்200. 84 சொல்கிறார், 80க்கு இறங்குவார். மிச்சத்தில் ஏழு இலட்சத்தை உடனே ஒதுக்கி வைக்க வேண்டும், இரண்டு பெல்ட்டும், கிளட்ச்சும், நாலு ரயரும், பற்றரியும் முதல் வருடத்திலேயே போகிற செலவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசை ஒதுக்க முடியாது என்றால் வாங்கவும் வேண்டாம்.

இந்த ஞாயிறு வவுனியாவுக்குப் போகிறோம். மச்சான், ரோச் லைட்டும் சின்னச் சுத்தியலும் கொண்டு வாங்கோ, செசியைத் தட்டிப் பார்க்க வேண்டும், மீன் ஏற்றின வாகனமாக இருந்தால் ஐஸ்தண்ணீர் வடிந்து பின்பக்கம் உள்ளுக்குள் துரு அரித்திருக்கும், மேலே பெயின்ற் பளபளக்கும். செசி நம்பரைப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும், வெல்டிங் தடம் இருந்தால் திரும்பி வருவோம். புத்தகம் இப்போதிருக்கிறவரின் பெயரில் இல்லாமல் ஓப்பின் பேப்பர் (பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் வைத்த பத்திரம்) என்று கதைத்தால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பலாம். விடிய வெள்ளனப் போய், இன்ஜின் குளிராக இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும், நாங்கள் வருவதற்கு முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார். முழங்கால் வருத்தக்கார மாமியையும் ஏற்றிக்கொண்டு வாங்கோ. பின்கதவால் அவ ஒருவரின் கைப்பிடி இல்லாமல் ஏறி இறங்கினால்தான் அட்வான்ஸ் கொடுக்கிறது.